திருப்பிப் போட்ட படம்

சோணைமுத்து கொண்டு வந்தது உள்ளங்கை அளவுப் படம்.
ஒரு ஓரம் கரையான் தின்றது.
டவுன்ஹால் ரோட்டில், என் கடையில்,
ஸ்கேனர் வெளிச்சம் அதன் மேல் ஊர்ந்தது
பாசஞ்சர் வண்டி மாதிரி,
எல்லா இடத்திலும் நின்று நின்று.

"எந்த ஸ்டேஷன்னு மட்டும் சொல்லுங்க.
அடியில எழுதி பிரேம் போடணும், அம்மாவுக்கு.
கொடி பிடிச்சு நிக்கிறது எங்கப்பா வெள்ளைச்சாமி.
பாயிண்ட்ஸ்மேன்.
முகம் அவர்தான், நிக்கிற நிலை அவர்தான்.
கைதான் இடிக்குது.
எங்கப்பா பீச்சாங்கைக்காரர்.
இதுல வலது கையில கொடி."

பெரிதாக்கினேன்.
ஓட்டுக்கூரை. தீயணைக்க நாலு வாளி.
கூரைக்கு மேலே ஒரு பாறையின் தோள்,
இடது பக்கம் செங்குத்து, வலது பக்கம் சரிவு.
பெயர்ப்பலகையை மறைத்து ஒரு கல்யாணக் கூட்டம்.
இரண்டு தலைக்கு நடுவில் ஒரே ஒரு எழுத்து: ப.
அதற்கு வலப்பக்கம், ஒரு தலைப்பாகைக்கு மேல்,
ஒரு புள்ளி.
புள்ளியா பூஞ்சையா என்று அரைநாள் பார்த்தேன்.
புள்ளிதான்.

ப, பிறகு தலைப்பாகை ஒளித்து வைத்த ட்.
பட்டி.
நம் பக்கம் பட்டிக்கா பஞ்சம்?
வாடிப்பட்டி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி.
"ஆண்டிபட்டியாத்தான் இருக்கும்.
அந்த வருஷம் அப்பாவுக்கு அங்கதான் டூட்டி.
பதினைஞ்சு நாளைக்கு ஒருக்கத்தான்
செல்லூருக்கு வருவாரு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆண்டிபட்டிக்கே போனேன்.
படத்தைத் தூக்கிப் பிடித்து
ஒவ்வொரு மலையாகப் பொருத்திப் பார்த்தேன்.
எந்த மலையும் உள்ளே வரச் சம்மதிக்கவில்லை.
டீக்கடையில் ஒருவர் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"இதுல எல்லாரும் பையை
வலது பக்கம் தச்சிருக்காங்களே தம்பி,
யாரு டெய்லரு?"

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குத் தூக்கமே இல்லை.

சட்டைப் பைகள். மணப்பெண்ணின் முந்தானை.
வெள்ளைச்சாமியின் கை.
எந்த ஸ்டூடியோவோ நெகட்டிவைக்
கவிழ்த்து வைத்துக் கழுவியிருக்கிறது.
ப மட்டும் காட்டிக்கொடுக்கவில்லை.
எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அது ப.

ஒரு சொடுக்கு.
கொடி இடது கைக்குப் போனது.
புள்ளி எழுத்துக்கு முன்னால் வந்தது.
வாடிப்பட்டியும் உசிலம்பட்டியும்
மறுபடி எழுந்து நின்றன;
பாறை அவற்றை உட்கார வைத்தது.
தினமும் திருநகரிலிருந்து வரும்போது
என் ஜன்னலில் வருகிற பாறை.
கண்ணாடியிலேயே பார்த்துப் பழகிய தன் முகத்தைப்
போட்டோவில் தெரியாமல் விழிக்கிற மாதிரி
மூன்று வாரம் விழித்திருக்கிறேன்.
திருப்பினால்
திருப்பரங்குன்றம்.

கண்டுபிடித்த சந்தோஷத்தில்
வாய் முந்திவிட்டது.
சோணைமுத்து வெகுநேரம் எதுவும் பேசவில்லை.
செல்லூரிலிருந்து அரைமணி நேரம்கூட இல்லை.
"பதினைஞ்சு நாளைக்கு ஒருக்க," என்றார்,
தனக்குத்தானே கணக்குப் பார்ப்பவர் போல.

அப்போதுதான் நானும் பார்த்தேன்.
கரையான் தின்ற ஓரத்தில் ஒரு பெண்,
தூக்குவாளியோடு.
வண்டி ஏற வந்தவள் இல்லை.
கூட்டம் முழுக்க வண்டி வரும் திசையில்;
அவள் மட்டும் கொடி பிடித்தவரை.

சோணைமுத்து திரையில் விரல் வைத்தார்.
விரலுக்குள் அவள் முழுசாக மறைந்துபோனாள்.

"முன்னாடி இருந்த மாதிரியே
பிரிண்ட் போடுங்க.
ஆண்டிபட்டின்னே எழுதிருங்க.
இந்த ஓரத்த..."
கொஞ்சம் நிறுத்தினார்.
"கரையான் இன்னும் ரெண்டு விரக்கடை
தின்னதா இருக்கட்டும்."

வெட்டினேன். எழுதினேன்.
முந்நூறு ரூபாய் சொன்னதற்கு
ஐந்நூறைக் கொடுத்துவிட்டு மிச்சம் வாங்காமல் போனார்.

சரியான படம் என்னிடம் இருக்கிறது.
எந்த ஊர் என்று தெரியும்,
எந்த வருஷம் என்று தெரியும்.
இடது கையில் அந்தக் கொடி,
பச்சையா சிவப்பா என்று மட்டும்
எவ்வளவு பெரிதாக்கினாலும் தெரியவில்லை.
கறுப்பு வெள்ளையில்
இரண்டும் ஒரே சாம்பல்.